எபிசியோடமி: தையலுக்கு பேர் இருக்கு, வெட்டுக்கு இல்ல

குழந்தை பொறந்த வீட்டுக்கு பாக்கப் போனா, பொண்ணு பக்கத்துல உக்காந்து காதோட காதா கேக்கறது "எத்தனை தையல்?"னுதான். அஞ்சுன்னா பரவால்லன்னும் பத்துன்னா அய்யோன்னும் சொல்லிட்டு அடுத்த பேச்சுக்கு போயிடுவோம். தையல் போட்டாங்கன்னா அதுக்கு முன்னாடி ஏதோ கிழிஞ்சிருக்கணும், இல்ல யாரோ வெட்டியிருக்கணும், ஆனா அதை யாரும் கேக்கறதில்ல. நானும் கேக்கல. என்னோட டிஸ்சார்ஜ் பேப்பர்ல நார்மல் டெலிவரின்னு போட்டு பக்கத்துல ஆர்.எம்.எல்.ஈ.ன்னு நாலு எழுத்து மட்டும் இருந்துச்சு. ஒரு மாசம் சம்மணம் போட்டு உக்கார முடியாம ஒருக்களிச்சு படுத்தே பால் குடுத்தேன், அதுக்கு காரணம் அந்த நாலு எழுத்துதான்னு ரெண்டு வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது. கடைசில வர்ற ஈ தான் எபிசியோடமி, அதாவது குழந்தை வெளிய வர்ற வழியை பெருசாக்க பிறப்புறுப்போட வாயை வெட்டி விடறது. முன்னாடி இருக்கறது வலது பக்கமா சாய்வா வெட்டுனதுன்னு அர்த்தம். லேபர் வார்டுல நர்ஸுங்க சுருக்கமா "எபி"ம்பாங்க.

இந்த எபி, பிரசவ வலி தெரியாம இருக்க முதுகுல போடற எபிட்யூரல் ஊசியில வர்ற எபி இல்ல. அதுல எபின்னா "மேல"ன்னு அர்த்தம் வர்ற முன்னொட்டு. இது கிரேக்கத்துல எபிசியான்ங்கற தனிச்சொல், அடிவயித்துக்கு கீழ முடி வளர்ற பகுதியை குறிக்கும், டோமின்னா வெட்டு. ஆனா வெட்டறது அங்க இல்லவே இல்ல, பிறப்புறுப்போட வாய்லேந்து மலவாய் பக்கமா இருக்கற சதையில. அந்த இடத்துக்கு பெரினியம்னு பேர் இருக்கறதால பெரினியோடமின்னு வச்சிருந்தா சரியா இருந்திருக்கும். ஆக பேரே இடம் மாறி விழுந்த பேரு.

வெட்டு பேரை விட பழசு. 1742ல டப்ளின்ல ஃபீல்டிங் ஊல்டுங்கற மருத்துவர் இதைப் பத்தி எழுதினார், தலை வந்து முட்டி நின்னு வழி விடாத கஷ்டமான கேஸுக்கு மட்டும்னுதான் சொன்னார். பேர் வச்சது 1857ல வியன்னாவுல கார்ல் பிரவுன், அவரே இது வேண்டாத வேலைன்னுதான் நினைச்சார். அப்புறம் எப்படி எல்லாருக்கும் ஆச்சுன்னா, 1920ல சிகாகோவுல ஜோசப் டிலீங்கற பெரிய மகப்பேறு மருத்துவர், தாய்க்கு மயக்கம் குடுத்து, வெட்டி, ஆயுதம் போட்டு, அதாவது குழந்தை தலையை இடுக்கியால பிடிச்சு எடுக்கறதை வருமுன் காப்பு மாதிரி பரிந்துரைச்சார். பிரசவங்கறதே ஒடம்பை சேதப்படுத்தற விஷயம், அதனால நாமளே முந்திக்கணும்ங்கறது அவர் வாதம். வீட்டுப் பிரசவம் ஆஸ்பத்திரிக்கு மாறுன காலமும் அதுதான், சீக்கிரமே முதல் பிரசவம்னா வெட்டுன்னு வழக்கமாயிடுச்சு. தானா கிழியறதை விட ஒழுங்கா வெட்டுனது தைக்க சுலபம், நல்லா ஆறும், பெருசா கிழியாது, பின்னாடி கர்ப்பப்பை இறங்காதுன்னு காரணம் சொன்னாங்க. யாரும் சோதிச்சுப் பாக்கல.

சோதிச்சப்ப என்ன ஆச்சுன்னா, 1983ல தாக்கர், பாண்டான்னு ரெண்டு பேர் 1860லேந்து 1980 வரைக்கும் ஆங்கிலத்துல வந்த ஆய்வுகளை எல்லாம் பொறுக்கி எடுத்துப் பாத்தா அந்த நன்மைகளுக்கு உருப்படியான ஆதாரமே இல்ல. 1993ல அர்ஜென்டினாவுல 2606 பெண்களை ரெண்டு குழுவா பிரிச்சு, ஒரு பக்கம் வழக்கம் போல வெட்டு, இன்னொரு பக்கம் தேவைப்பட்டா மட்டும். முதல் குழுவுல சுமார் 83 சதவீதம் பேருக்கு வெட்டு விழுந்துச்சு, ரெண்டாவதுல 30 சதவீதம்தான், ஆனா மோசமான கிழிசல் வெட்டுன பக்கம் ஒண்ணும் குறையல, வலியும் புண் ஆறாத தொந்தரவும் அங்கதான் அதிகம். முன்பக்கம் சின்னச் சின்ன கிழிசல் மட்டும் வெட்டாத பக்கம் கொஞ்சம் கூட வந்துச்சு. ஜவுளிக்கடையில பாத்திருப்பீங்க, துணி ஓரத்துல கத்தரியால சின்னதா ஒரு நறுக்கு, அப்புறம் கையாலயே சர்ருன்னு கிழிப்பாங்க. நேர் கீழ வெட்டுனா மலவாய் தசை வரைக்கும் போற ஆபத்து இருக்கறது அதே மாதிரிதான், அதனாலதான் நம்ம ஊர்ல சாய்வா வெட்டறாங்க. 2018ல உலக சுகாதார நிறுவனம், தானா நடக்கற பிரசவத்துல வழக்கமாவோ தாராளமாவோ இதை செய்யறதை பரிந்துரைக்கலன்னு தெளிவா சொல்லிடுச்சு, எனிமா, ஷேவிங்கையும் சேத்துதான்.

வெட்டே கூடாதுன்னு நான் சொல்லல. குழந்தையோட துடிப்பு இறங்கி சட்டுனு வெளிய எடுக்கணும், ஆயுதம் போடணும்னா அது தேவைப்படலாம். அப்பவும் சொல்லிட்டு, மரக்கறதுக்கு ஊசி போட்டுட்டுதான் செய்யணும்.

இப்ப தமிழ்ச் சொல். பெரினியத்துக்கு நம்ம பேச்சுல தனிப் பேர் கிடையாது, கவட்டைன்னு மொத்தமா சொல்லிடுவோம். மூலாதாரம் எங்க இருக்குன்னு சொல்லும்போது மட்டும் குதத்துக்கும் குய்யத்துக்கும் நடுவுலன்னு அந்த இடத்தை குறிப்பாங்க. பிறப்புறுப்புக் கீறல்னு சொல்லலாம், ஆனா கீறல்னா முள்ளு கீறுனது, நகம் கீறுனது, தோலோட போறது. இது தோல், உள்சவ்வு, தசை மூணும் அறுபடறது, கீறல்னு சொன்னா சின்னதாக்கிக் காட்டறதாயிடும். வகிர்வுன்னா பொருள் கச்சிதம், ஆனா இன்னிக்கு யாருக்கும் புரியாது. அறுவைன்னா எல்லாரும் சிசேரியன்னு நினைப்பாங்க. நான் சொல்றது பேற்றுவாய் வெட்டு. பேறுங்கற சொல் மகப்பேறு, பேறுகாலம்னு ஏற்கனவே நம்ம வாயில இருக்கு, பேற்றுவாய்னா குழந்தை வெளிய வர்ற வாய், வெட்டுன்னா வெட்டு. தானா கிழியறதை கிழிசல்னே சொல்லலாம். அப்பதான் "எத்தனை தையல்"க்கு முன்னாடி "கிழிசலா வெட்டா"ன்னு ஒரு கேள்வி கேக்க முடியும்.

என் தங்கச்சிக்கு இப்ப எட்டாம் மாசம். போன வாரம் செக்கப்புல டாக்டரம்மாகிட்ட, "மேடம், பேற்றுவாய் வெட்டு எல்லாருக்கும் போடுவீங்களா, தேவைப்பட்டா மட்டுமா?"ன்னு தமிழ்லயே கேட்டிருக்கா. அவங்க ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, தலை வரும்போது வெந்நீர்ல நனைச்ச துணியை அங்க ஒத்தி வைப்போம், மெதுவா வர விடுவோம், வெட்டறதா இருந்தா சொல்லிட்டுதான் வெட்டுவோம்னு சொல்லி, அதை அவ ஃபைல்லயும் எழுதி வச்சிருக்காங்க.