‘பல்கலாச்சாரத் தகுதி’ என்னும் பிழை

உளவள ஆலோசனை படிக்கும் மாணவர்களுக்கான பயிற்சிக் குறிப்பு ஒன்று சென்ற வாரம் மெய்ப்புப் பார்க்க வந்தது. தலைப்பு, ‘பல்கலாச்சாரத் தகுதியை வளர்த்தல்’. இந்த ஆண்டில் மூன்றாவது முறையாக இதைப் பார்க்கிறேன். பல்கலைக்கழகப் பட்டம் பற்றிய ஏதோ ஒன்று என்றுதான் கண் முதலில் படிக்கிறது.

மூலச்சொல் ‘மல்டிகல்ச்சுரல் காம்பிடென்ஸ்’, அதாவது பல பண்பாட்டினரோடும் ஆலோசகர் பணிசெய்ய வல்ல நிலை. காம்பிடென்ஸின் வேர் லத்தீன். ‘சேர்ந்து நாடுதல்’ என்பது ‘பொருந்துதல்’ ஆகி, பிறகு ஒன்றைச் செய்ய வல்ல நிலையைக் குறித்தது. அமெரிக்க ஆலோசனைத் துறையில் இதற்கு வடிவம் தந்தது 1992-இல் டெரால்ட் விங் சூ, பட்ரீசியா அரெடோண்டோ, ரோடெரிக் மெக்டேவிஸ் மூவரும் எழுதிய கட்டுரை. தன் சார்புகளை உணர்தல், ஆலோசனைக்கு வருபவரின் உலகப் பார்வையை அறிதல், அதற்கேற்ற முறைகளைக் கையாளுதல் என்று பகுத்து 31 கூறுகளை வகுத்தார்கள்.

இதில் தகுதி எங்கே வந்தது? கல்வித் தகுதி, வயதுத் தகுதி என்று வேலை விளம்பரத்தில் வரும் சொல் அது. ஒருமுறை பெற்றால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடலாம். 1998-இல் மெலனி டெர்வலான், ஜான் மரே-கார்சியா என்ற மருத்துவர்கள் இருவர் ‘பண்பாட்டுப் பணிவு’ என்று பேசத் தொடங்கியதே, இந்தக் கற்றல் ஒருநாளும் முடிவதில்லை என்பதற்காகத்தான். ஆங்கிலத்திலேயே ஐயம் எழுந்த இடத்தில் நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள்.

கலாச்சாரமும் வேண்டாம். லஞ்சக் கலாச்சாரம், துப்பாக்கிக் கலாச்சாரம் என்று நாளிதழ்கள் அதை நைந்துபோகச் செய்துவிட்டன. ‘பன்முகத் திறமை’ என்கிறார்கள் சிலர். அது ஆடவும் பாடவும் வரையவும் தெரிந்தவருக்குச் சொல்வது.

அமெரிக்கப் பழங்குடிகளில் ஒன்றான நவஹோ மரபில் வளர்ந்த ஒருவர் ஆலோசகர் முன் தரையைப் பார்த்தபடி பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘கண்ணைத் தவிர்க்கிறார், எதையோ மறைக்கிறார்’ என்று பயிற்சி மாணவர் குறிப்பேட்டில் எழுதுகிறார். அந்த மரபில் பெரியவரை உற்றுப் பார்ப்பதுதான் மரியாதைக் குறைவு. கண்ணைப் பார்த்துப் பேசுவதே நேர்மை என்பது தன் வீட்டில் கற்ற பாடம் என்று மாணவருக்கு உறைக்கும்போதுதான் பயிற்சி தொடங்குகிறது.

இதைச் சொல்லக் கலித்தொகையிலேயே சொல் இருக்கிறது: ‘பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்’. பாடு என்பது முறைமை, இயல்பு. பிறர் பாடு என்று மட்டும் அந்தப் பாடல் குறுக்கவில்லை. தன் பாடு எது என்று அறியவும் இடம் இருக்கிறது. அறிவதோடு நில்லாமல் ஒழுகுவதும் சேர்ந்தே வருகிறது. ஆகவே கலைச்சொல்லாகப் ‘பாடறிதிறன்’ என்பேன். புரியாது என்பார்கள். முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்தால் புரியும். ‘பல்கலாச்சாரத் தகுதி’ மட்டும் எவருக்குப் புரிந்தது?

தலைப்பை அடித்துவிட்டு, ‘பாடறிதிறன்: பல பண்பாட்டினரை அறிந்து பழகக் கற்றல்’ என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.