எழுதிக் கேளுங்கள்: அமெரிக்கப் பள்ளிகளில் சிறப்புக் கல்வி

அமெரிக்காவில் ஒரு பொதுப் பள்ளி மாவட்டத்தில், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பில், பேச்சுப் பயிற்சியாளராக வேலை செய்கிறேன். பிள்ளையின் பேச்சோ படிப்போ பின்தங்குகிறது என்று கவலைப்படும் தமிழ்ப் பெற்றோரிடம் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது: "டீச்சர்கிட்ட சொல்லியிருக்கோம், பார்க்கலாம்னாங்க." அப்படியே ஒரு கல்வியாண்டு ஓடிவிடுகிறது. டீச்சருக்கு அக்கறை இல்லை என்பதல்ல. வாய்ப்பேச்சாகக் கேட்டதற்குப் பதிவு கிடையாது, அதனால் யாரும் பதில் சொல்லும் கட்டாயமும் வருவதில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தேவைக்கேற்பத் தனிக் கவனத்தோடு கற்பிப்பதுதான் சிறப்புக் கல்வி. 1975-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம்தான் அதற்கு அடிப்படை. இப்போது அதன் பெயர் ஐடியா (IDEA), குறைபாடுள்ளவர்களுக்கான கல்விச் சட்டம். தகுதியுள்ள பிள்ளைக்கு, அதாவது குறைபாட்டால் படிப்பு பாதிக்கப்படும் பிள்ளைக்கு, 3 வயதிலிருந்து, பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை, அதிகபட்சம் 21 வயதுவரை சிறப்புக் கல்வியை இலவசமாகத் தர வேண்டியது பள்ளி மாவட்டத்தின் கடமை. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கும் இதே உரிமை உண்டு.

அதனால் பள்ளி முதல்வருக்கு ஒரு இமெயில் அனுப்புங்கள். "என் பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி மதிப்பீடு வேண்டும்" என்று தேதி போட்டு, எதில் சிரமப்படுகிறான் என்று நாலு வரி எழுதினால் போதும். பள்ளி ஒப்புக்கொண்டால் உங்கள் எழுத்துபூர்வ சம்மதத்தைக் கேட்கும். மறுத்தால் ஏன் என்று எழுத்தில் விளக்க வேண்டும். நீங்கள் கையெழுத்திட்டதிலிருந்து 60 நாளுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும். டெக்சாஸ் போன்ற சில மாநிலங்கள் தனிக் கெடு வைத்திருக்கின்றன, அங்கே 45 பள்ளி நாள். தகுதி உறுதியானால் 30 நாளுக்குள் ஐ.இ.பி. கூட்டம், அதாவது பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டத்தை எழுதும் கூட்டம்.

மதிப்பீட்டில்தான் உங்கள் உதவி எங்களுக்கு அதிகம் தேவை. வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை, ஆங்கிலத்தில் தயங்குவது இயல்பு. ஆங்கிலம் போதவில்லை என்பதையே காரணமாக வைத்து அவனைக் குறைபாடுள்ளவன் என்று முடிவுகட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை. உண்மையான மொழித் தாமதம் என்றால் அது தமிழிலும் தெரியும். எப்போது முதல் சொல் பேசினான், பாட்டியிடம் போனில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறானா, வீட்டார் தவிர மற்றவர்களுக்கு அவன் பேச்சு புரிகிறதா? இதையெல்லாம் எழுதிக் கொண்டுவந்து கொடுங்கள். எந்தச் சோதனைத் தாளும் இதைச் சொல்லாது. அப்புறம், "தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள்" என்று யார் சொன்னாலும் தயவுசெய்து கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை.

சிறப்புக் கல்வி பெற, மருத்துவர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்த தாள் மட்டும் போதாது. அது படிப்பைப் பாதிக்கிறதா என்று பள்ளி தனியாகப் பார்க்கும். பள்ளியின் மதிப்பீடு சரியில்லை என்று தோன்றினால், மாவட்டச் செலவில் வெளி நிபுணரின் மதிப்பீட்டைக் கேட்கலாம்.

ஐ.இ.பி. கூட்டத்தில் ஆறேழு அலுவலர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். நம்மவர்கள் மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டுக் கையெழுத்திடுவதைப் பார்க்கையில் மனசு கேட்பதில்லை. நீங்களும் அந்தக் குழுவின் சம உறுப்பினர். திட்டத்தின் வரைவை முன்கூட்டியே கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் பள்ளி ஏற்பாடு செய்ய வேண்டும். அன்றைக்கே கையெழுத்திடக் கட்டாயமில்லை. "வாசிப்பு மேம்படும்" என்ற இலக்கை ஏற்காதீர்கள். எந்த அளவில், எப்போதுக்குள், எப்படி அளப்பீர்கள் என்று கேளுங்கள். பயிற்சி வாரத்துக்கு எத்தனை நிமிடம், தனியாகவா குழுவாகவா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். பெயரளவு முன்னேற்றம் போதாது, பிள்ளையின் நிலைக்கேற்ற முன்னேற்றம் வேண்டும் என்று 2017-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒருமனதாகத் தீர்ப்பளித்திருக்கிறது.

"ஸ்பெஷல் கிளாஸ்ல போட்டுடுவாங்களோ" என்ற பயம் பலருக்கு. முடிந்தவரை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்பது சட்டம். நான் பயிற்சி தரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வழக்கமான வகுப்பில்தான் படிக்கிறார்கள்.

3 வயது ஆகாத குழந்தை என்றால் பள்ளி மாவட்டத்துக்குப் பதில் மாநிலத்தின் 'எர்லி இன்டர்வென்ஷன்' (சிறு வயதிலேயே உதவும்) திட்டத்தை போனில் கூப்பிடுங்கள். டாக்டரின் பரிந்துரைச் சீட்டு தேவையில்லை, நீங்களே கூப்பிடலாம்.