இந்தோனேசியாவில் கட்சிகளுக்கான வாக்கு வரம்பு: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

நீண்டகால அதிபர் சுகார்த்தோ 1998 மே மாதத்தில் பதவி விலகும்வரை இந்தோனேசியத் தேர்தலில் நிற்க மூன்று அமைப்புகளுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. அடுத்த ஆண்டே 48 கட்சிகள் போட்டியிட்டு, அவற்றில் 21 கட்சிகள் நாடாளுமன்றத்தில் இடம்பெற்றன. இந்தச் சிதறலைக் கட்டுப்படுத்த, நாடு முழுவதும் பதிவான செல்லும் வாக்குகளில் குறிப்பிட்ட விழுக்காட்டைப் பெறாத கட்சிக்கு நாடாளுமன்றத்தில் இடமில்லை என்ற விதி 2009 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. அப்போது 2.5 ஆக இருந்த வரம்பு 2014இல் 3.5 ஆகவும், 2019இல் 4 ஆகவும் உயர்ந்தது. நாடாளுமன்றக் கட்சிகளின் எண்ணிக்கை 2024இல் எட்டாகக் குறைந்தது உண்மைதான். ஆனால் அதே தேர்தலில் 3.87 விழுக்காடு பெற்ற ஐக்கிய வளர்ச்சிக் கட்சி வெளியேற, அதற்கு விழுந்த 58 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளுக்கு ஓர் உறுப்பினர்கூடக் கிடைக்கவில்லை. சிறிய இழப்பென்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2029 தேர்தலுக்கு முன் இந்த 4 விழுக்காட்டை மாற்றியமைக்க வேண்டும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.

இந்த வரம்பு மாகாண, மாவட்ட அவைகளுக்குப் பொருந்தாது. அவற்றுக்கும் அதை விரிவாக்கிய சட்டப்பிரிவை 2012இல் அதே நீதிமன்றம் நீக்கிவிட்டதால், தேசிய அளவில் தோற்ற கட்சியும் உள்ளூர் அவையில் அமரலாம். பெரிய தேசியக் கட்சியான ஜனநாயகப் போராட்டக் கட்சி வேரூன்றிய பாலியிலும் மத்திய ஜாவாவிலும் இதனால் பெரிய மாற்றமில்லை. வாக்காளர் கட்சியைவிட வேட்பாளரின் குலத்தையும் ஊரையும் பார்க்கும் கிழக்குத் தீவுகளில்தான் இடங்கள் பல கட்சிகளிடையே சிதறுகின்றன. உள்ளூர்ச் செல்வாக்கு உள்ளவர்களுக்கு அங்கே தேசியக் கட்சியின் சின்னம் தேர்தலில் நிற்பதற்கான வழியாக மட்டுமே பயன்படுகிறது.

அவர்கள் தங்களுக்கென ஒரு வட்டாரக் கட்சியைத் தொடங்க முடியாததற்குக் காரணம் பதிவு விதியே. தேர்தலில் நிற்க விரும்பும் கட்சிக்கு எல்லா மாகாணங்களிலும், ஒவ்வொரு மாகாணத்தின் மாவட்டங்களில் 75 விழுக்காட்டிலும், அம்மாவட்டங்களின் வட்டங்களில் பாதியிலும் நிர்வாக அமைப்பு இருக்க வேண்டும். ஒரு தீவின் குறைகளை மட்டும் பேச விரும்பும் குழுவால் இதை நிறைவேற்றவே இயலாது.

இதற்கு ஒரே விலக்கு சுமத்ரா தீவின் வடமுனையில் உள்ள ஆச்சே மாகாணம். அரசுக்கும் அங்கே தனிநாடு கேட்டுப் போராடிய கிளர்ச்சியாளர்களுக்கும் இடையே 2005 ஆகஸ்ட் 15 அன்று கையெழுத்தான ஹெல்சிங்கி அமைதி உடன்பாட்டின்படி, 2006இன் 11ஆம் எண் சட்டம் அம்மாகாணத்தில் உள்ளூர்க் கட்சிகளை அனுமதித்தது. அவை ஆச்சேயின் மாகாண, மாவட்ட அவைகளுக்கு மட்டுமே போட்டியிடலாம். ஜகார்த்தா நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட முடியாது. முன்னாள் கிளர்ச்சியாளர்களின் ஆச்சே கட்சி 2009இல் மாகாண அவையின் 69 இடங்களில் 33ஐ வென்றது. நாட்டின் கிழக்குக் கோடியில் உள்ள பப்புவாவின் மக்களும் கட்சி தொடங்கலாம் என்று 2001இன் தன்னாட்சிச் சட்டம் கூறியிருந்தது. அந்தப் பிரிவு 2021 திருத்தத்தில் நீக்கப்பட்டது.