பீரங்கிய இழுக்குற வண்டிக்கு ஏன் சக்கரம் பத்தல?

1904 நவம்பர்ல கலிஃபோர்னியாவுல ஸ்டாக்டன் பக்கத்துல பெஞ்சமின் ஹோல்ட்னு ஒருத்தர், நீராவி டிராக்டரோட பின்சக்கரத்த கழட்டிட்டு மரக்கட்டை கோத்த செயின் பட்டைய மாட்டி வயல்ல ஓட்டிப் பாத்தாரு. அந்த ஊரு மண்ணு ஈரத்துல பொதபொதன்னு இருக்கும், சக்கரத்த எவ்ளோ அகலமாக்குனாலும் வண்டி புதைஞ்சுரும். முதல் உலகப்போர்ல பிரிட்டிஷ்காரங்களோட கனமான ஹவிட்சர் (குண்ட உயரமா வளைச்சு எறியுற வகை) பீரங்கிகள சேத்துல இழுத்தது அவரோட கம்பெனி டிராக்டருங்கதான்.

பட்டை போட்டா தரையில எவ்ளோ அழுத்தம் விழுதுன்னு கணக்கு போட்டுப் பாப்போம். 25 டன் வண்டி, ரெண்டு பட்டை, ஒவ்வொண்ணும் அரை மீட்டர் அகலத்துல மூணரை மீட்டர் நீளத்துக்கு தரையில படுதுன்னு வைங்க. சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோதான் வருது. சாதாரண கார் டயருக்கு அடியில கிட்டத்தட்ட 2 கிலோ இருக்கும்!

ஆனா புதையாம இருக்குறது பாதி வேலைதான், இழுக்கணுமே. பட்டையில இருக்குற முண்டுங்க மண்ணுக்குள்ள எறங்கி மண்ண பின்னால தள்ளுது, அந்த மண்ணு பிச்சுக்கிட்டு போகாத வரைக்கும்தான் இழுவை, அதனால எவ்ளோ மண்ண சேத்துப் புடிக்குதோ அவ்ளோ நல்லது, மேல வெயிட்டும் வேணும். பீரங்கிக்கான குண்டுகள, அத இழுக்குற வண்டி மேலயே ஏத்துறப்போ அந்த வெயிட்டும் பிடிமானமா மாறிடுது, எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச விஷயமே இதுதான்.

அடுத்தது வேகம். இஞ்சின் பவர்ங்கிறது இழுவையையும் வேகத்தையும் பெருக்குனா வர்றது, ஒண்ணு கூடுனா இன்னொண்ணு குறையும். சோவியத்துல 17 டன்னுக்கு மேல இருந்த 203 மி.மீ. பி-4 ஹவிட்சர இழுக்க ஸ்டாலினெட்ஸ்-65ங்கிற விவசாய டிராக்டரையும் பயன்படுத்துனாங்க, 65 குதிரைத்திறன், எவ்ளோ முடுக்குனாலும் மணிக்கு 7 கிலோமீட்டர்தான். ரெண்டாம் உலகப்போருக்கப்புறம் உக்ரைன்ல இருக்குற கார்கிவ்ல டி-54 டாங்க் பாகங்கள வெச்சு செஞ்ச ஏடி-டி வண்டிக்கு 415 குதிரைத்திறன். 25 டன் வரைக்கும் இழுக்கும், வேகம் 35 கிலோமீட்டர் வரைக்கும் போகும்.

செங்குத்தான மேட்டுல வண்டியும் பீரங்கியும் சேந்து ஏற முடியலன்னா? கொக்கிய கழட்டிட்டு வண்டி மட்டும் தனியா மேல போய் நின்னுக்கும், அங்கேருந்து வின்ச் (கம்பிய சுத்தி இழுக்குற உருளை) கம்பியால பீரங்கிய மெதுவா மேல இழுக்கும்.

இதே ஏடி-டியோட அடித்தளத்துல கட்டுன கார்கிவ்சங்கா பனிவண்டிங்கதான் 1959 டிசம்பர்ல அண்டார்டிகாவுல தென் துருவம் வரைக்கும் போய் சேந்துச்சு.