குடிமராமத்து: சொல்லும் பொருளும் தமிழ் நிகரும்

ஒரு நீர்நிலையால் பயன்பெறும் குடிகள் தாமே கூடி, தம் உழைப்பையும் பொருளையும் தந்து அதனைப் பழுதுபார்த்துக் காத்துவருவதற்குக் குடிமராமத்து என்று பெயர். காவிரிப் படுகையில் இது பெரும்பாலும் ஆறு வறண்டு கிடக்கும் சித்திரை, வைகாசி மாதத்து வேலையாகும். வாய்க்காலைத் தூர் வாருவது, கரைந்துபோன கரையில் மண் இட்டு உயர்த்துவது, மதகைச் சரிசெய்வது, வடிகாலை அடைத்து வளர்ந்த ஆகாயத்தாமரையையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் அகற்றுவது ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். ஆற்றில் தண்ணீர் வந்து சேர்வதற்குள் இவை முடியாவிட்டால் தலைமடையில் பாயும் நீர் கடைமடைக்கு எட்டாது. குறுவை நெற்பருவமும் பிந்தும், அதனைத் தொடர்ந்து சம்பா, தாளடிப் பருவங்களும் பிந்தும். 1934இல் மேட்டூர் அணை கட்டப்பட்ட பிறகு, நீர் திறப்புக்கு ஜூன் 12 என்ற நாள் வழக்கமாயிற்று. ஆயினும் நீர் வருமுன் வாய்க்கால்களைச் செப்பம் செய்துகொள்ளும் வழக்கம் அணைக்கு மிகவும் முந்தியது.

இச்சொல் இரண்டு மொழிகளின் கூட்டு. முன்பகுதியான ‘குடி’ தூய தமிழ்ச் சொல். குடும்பம், குலம், ஊரில் நிலைத்து வாழ்வோர், உழுது பயிரிடுவோர், அரசின் ஆளுகைக்கு உட்பட்டோர் எனப் பல பொருள்களை அது தாங்கி வந்திருக்கிறது. சங்கப் பாடல்களிலேயே தொல்குடி, பழங்குடி என்னும் வழக்குகளைக் காணலாம். சோழர் காலத்து ஆவணங்களில் இச்சொல் இன்னும் கூர்மை பெறுகிறது. கோயிலுக்கு நிலத்தைக் கொடையாகக் கொடுக்கும்போது, அங்கே முன்பிருந்த குடிகளை விலக்கிக் கொடுத்தால் அது ‘குடிநீக்கிய தேவதானம்’. அவர்களை அப்படியே இருக்கவிட்டுக் கொடுத்தால் ‘குடிநீங்காத் தேவதானம்’. நிலத்தின் மீது அரசனுக்கும் கோயிலுக்கும் உள்ள உரிமையைப் போலவே அங்கே வாழ்வோருக்கும் ஓர் இருப்பு உண்டு என்பதை ஆவணம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த இருப்பைப் பறிக்கவும் முடியும் என்பதையும் அறிந்திருந்தார்கள். விளைச்சலில் அரசுக்கோ நிலவுடையவர்க்கோ உரியதை மேல்வாரம், உழுதவர்க்கு உரியதைக் குடிவாரம் என்று இரு பங்கு வகுத்த பிற்கால வழக்கிலும், ‘குடிமை’ என்று வரிக்கு வழங்கிய பெயரிலும் இதே சொல் உரிமையாகவும் கடமையாகவும் மாறிமாறி நிற்பதைக் காண்கிறோம்.

பின்பகுதியான ‘மராமத்து’ அரபு மொழியில் பழுதுபார்த்தலைக் குறிக்கும் ‘மரம்மத்’ என்னும் சொல்லிலிருந்து பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தஞ்சையை ஆண்ட மராத்தியர் காலத்திலும், 1799இல் அப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்த பின்னரும், வருவாய் அலுவலகங்களில் இத்தகைய அரபு, பாரசீகச் சொற்கள் நிறையப் புழங்கின. தாலுகா, வசூல், ஜமாபந்தி, இலாகா ஆகியவை அவ்வாறு வந்தவையே. காணியாட்சி என்ற பழைய தமிழ்ச் சொல்லின் இடத்தில், மரபுரிமைச் சொத்தைக் குறிக்கும் ‘மீராஸ்’ என்னும் அரபுச் சொல் ‘மிராசு’ ஆகி அமர்ந்ததும் அந்த நூற்றாண்டுகளில்தான். இன்றைய பொதுப்பணித் துறையை நம் பாட்டன்மார் மராமத்து இலாகா என்றே சொன்னார்கள். ஆகவே குடிமராமத்து என்பது அலுவலகம் இட்ட பெயர், வழக்கமோ ஊருடையது.

அப்பெயருக்கு முன் இந்த வேலை எவ்வாறு வழங்கியது என்பதற்கும் கல்வெட்டுகளில் தடயம் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் கடமைகளில் ஒன்று ‘வெட்டி’. கூலியின்றிச் செய்ய வேண்டிய உழைப்பை அது குறித்தது. நீர்ப்பாசனப் பணிக்கு உரியதைச் ‘செந்நீர் வெட்டி’ என்று தனியே சுட்டினார்கள். வெட்டி என்பதை வடமொழி ‘விஷ்டி’யின் திரிபாகக் கொள்வாரும் உண்டு, மண் வெட்டுதலோடு சேர்த்துப் பார்ப்பாரும் உண்டு. பயனற்றது என்னும் பொருளில் இன்று நாம் வழங்கும் ‘வெட்டி வேலை’ அந்தக் கூலியற்ற உழைப்பின் நினைவாகவே எனக்குத் தோன்றுகிறது. உழைப்புக் கடமையாக இருந்ததோடு, மேற்பார்வையும் ஊரிடமே இருந்தது. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஏரியைப் பேண ஆண்டுதோறும் குடவோலையால் தெரிவு செய்யப்பட்ட ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. அது தொண்டை மண்டலத்து ஊர். பிராமணச் சபையின் ஊர். நிலமும் கல்வியும் உடையவர்க்கே அங்கே இடம் இருந்தது. காவிரிப் படுகைக் கல்வெட்டுகளோ, இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாற்று (கிளை வாய்க்கால்), இத்தனையாம் சதிரம் (நிலத்துண்டு) என்று நிலத்துக்கு முகவரியே நீர்க்கால்களைக் கொண்டு எழுதின. கால் தூர்ந்தால் நிலத்தின் அடையாளமும் தூர்ந்துபோகும் நாடு இது.

சென்னை மாகாணத்துக்கென இயற்றப்பட்ட 1858ஆம் ஆண்டின் முதலாவது சட்டம் இந்த வழக்கத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதனைக் குடிமராமத்துச் சட்டம் என்று பலரும் சொல்வதுண்டு. அதன் உண்மையான பெயரோ கட்டாய உழைப்புச் சட்டம். வெள்ளத்தால் கரை உடையும் ஆபத்து வந்தால் சுற்றுவட்டாரத்து உழைப்பாளிகளை வேலைக்கு அழைக்க அது அதிகாரம் கொடுத்தது. ஊர் வழக்கப்படி கூட்டாகச் செய்யும் பாசன வேலைக்கு ஆள் தரக் கடமைப்பட்டவர் தக்க காரணமின்றி மறுத்தால், அந்த உழைப்பின் மதிப்பைப் போல் இரு மடங்கு தொகை செலுத்த வேண்டும் என்றும் விதித்தது. எப்போது, எங்கே, யாரைக் கொண்டு வேலை நடத்துவது என்று முடிவு செய்யும் உரிமையை அந்தச் சட்டம் ஊருக்கு உறுதிசெய்யவில்லை. கடமையை எழுத்தில் ஏற்றி உரிமையை எழுதாமல் விட்ட அந்த நாளில், சொல்லில் இருந்த ‘குடி’ பாதி தேய்ந்துபோயிற்று என்றே நான் கருதுகிறேன்.

மறுபாதி அதற்கு முன்பே தேய்ந்திருந்தது. தஞ்சைப் பகுதியில் நிலம், மரபுரிமையாக அதனை உடைய மிராசுதாரிடம் இருந்தது. நிலத்தின் அளவுக்கேற்ப ஆள் தர வேண்டிய கடமை ஏட்டில் அவருடையது. ஆனால் வாய்க்காலில் இறங்கிச் சேறு அள்ளியவர் பண்ணையாள். அவருக்கு அந்த வாய்க்காலால் பாயும் நிலம் ஒரு குழி அளவுகூட இல்லை. எந்த மடை முதலில் திறக்க வேண்டும் என்று சொல்லும் வாயும் இல்லை. பண்ணையாட்களுக்குச் சட்டப் பாதுகாப்பு 1952இல்தான் வந்தது. குடிமராமத்தை ஊரின் ஒற்றுமைக்கு அடையாளமாகப் புகழ்ந்து எழுதுவோர் பலர் இந்தச் செய்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உழைத்தவரைக் குடி என்று எண்ணாமல் குடிமராமத்து என்று பெயரிடுவது சொல்லுக்கும் நேர்மையன்று, உழைப்புக்கும் நேர்மையன்று.

இந்தச் சொல் வயல் வாய்க்காலுக்கு மட்டும் உரியதாகச் சுருங்கிவிட்டதும் ஒரு குறையே. கொள்ளிடமும் வெள்ளாறும் கடலோடு கலக்கும் இடங்களுக்கு இடையே பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறது. காடு பகுதி பகுதியாக வெட்டப்பட்ட காலத்தில் வெயில் நேரே பட்டு மண் தாழ்ந்தது. பள்ளங்களில் கடல்நீர் தேங்கி ஆவியானது. உப்பு மிகுந்து மரம் முளைக்காமல் போயிற்று. 1990களில் வனத் துறையும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சுற்றியுள்ள ஊர் மக்களோடு சேர்ந்து, மீன்முள் வடிவில் கால்கள் வெட்டி, கடல் ஏறி இறங்கும் ஓதநீர் வந்துபோக வழி செய்தபோது வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரம் மீண்டும் தழைத்தது. அக்கால்களிலும் வண்டல் படியும்; ஆண்டுதோறும் எடுத்தாக வேண்டும். அந்த நீரில் இறங்கிக் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் இருளர், ஓதம் ஏறும் நேரத்தையும் சேறு தங்கும் இடத்தையும் உடலால் அறிந்தவர்கள். மரபாகக் காத்துவந்த சமுதாய வன வளத்தைப் பாதுகாக்கவும், மீட்கவும், மேலாண்மை செய்யவும் பழங்குடியினருக்கும் காடு சார்ந்து வாழும் பிற மரபுவழி மக்களுக்கும் உரிமை உண்டு என்று 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கூறுகிறது. அந்தக் கால்களைத் தூர் வாரும் பணியை இருளரே முன்னின்று திட்டமிட்டு நடத்துவார்களானால், குடிமராமத்து என்ற பெயர் வேறு எதையும்விட அதற்கே முழுமையாகப் பொருந்தும். நாள் கூலிக்கு அவர்களை அழைத்து, முடிவுகளை வேறு யாரோ எடுத்தால் அது மராமத்து மட்டுமே. அதில் குடி இல்லை.

2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பாசனதாரர்கள் மதிப்பீட்டில் 10 விழுக்காட்டைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. மண்ணள்ளும் எந்திரத்தால் நடந்த தூர்வாரலுக்கும் இதே பெயர் வழங்கியதால், பலருக்கு இச்சொல் ஒப்பந்தப் பணியின் பெயராகவே அறிமுகமாகிவிட்டது.

தமிழ் நிகருக்கு வருவோம். ‘நீர்நிலைப் பராமரிப்பு’ பணியைக் காட்டுகிறது, செய்பவரைக் காட்டவில்லை. ‘பராமரிப்பு’ம் வடமொழி வழி வந்ததே. ‘மக்கள் சீரமைப்பு’ மக்களையே சீரமைப்பதாகப் பொருள்பட்டுவிடும். ‘குடிப்பேணல்’ இனிய சொல்தான். ஆனால் குடியைப் பேணுதல் என்றே எவரும் முதலில் கொள்வர். என் பரிந்துரை ‘குடிச்செப்பம்’. செப்பனிடுதல் என்ற வழக்கால் பழுதுபார்த்தலுக்கும் ‘செப்பம்’ எல்லோரும் அறிந்த சொல். திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில், 112ஆம் குறளில், அதே சொல் ஒருபால் சாயாத நேர்மையைக் குறிக்கிறது. அத்தகையவனுடைய ஆக்கம் சிதைவின்றி வழித்தோன்றல்களுக்கும் பயன்படும் என்கிறது அக்குறள். கால்வாயைச் சரிசெய்வதும் தண்ணீரைச் சாய்வின்றிப் பகிர்வதும் ஒன்றையொன்று விட்டு நிற்க முடியாதவை. இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது.

எழுதும்போது வலி மிகுந்து ‘குடிச்செப்பம்’ என்றே வரும். குடிகள் செய்யும் செப்பம் என்று விரிக்க வேண்டும். குடிகளுக்குச் செய்யும் செப்பம் என்று விரிப்பது பிழை. பழைய ஆவணங்களையும் 1858ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பற்றி எழுதுகையில் குடிமராமத்து என்ற வழக்கையே வைத்துக்கொள்ளலாம். புதிதாக இயற்றும் ஊர்த் தீர்மானத்திலும் பாசனச் சங்க விதியிலும் பழங்குடிக் குழுவின் காடு காப்புத் திட்டத்திலும் குடிச்செப்பம் என எழுதி, அடுத்த வரியிலேயே முடிவெடுக்கும் குடிகள் எவர் என்பதைப் பெயர் சுட்டி எழுதுதல் வேண்டும்.