வளவில் ஒரு வாட்ச், வெயிலில் ஒரு வாட்ச்

அப்பா காலத்தில் எச்எம்டி வாட்சுகளுக்கு ஆயில் போட்ட அதே மேஜையில்தான் இப்போது ஜிபிஎஸ் வாட்சுகளைத் திறக்கிறேன். காரைக்குடியில் கடை. மார்கழி பிறந்துவிட்டால் வியாபாரத்தின் முகமே மாறிவிடும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்து, “எத்தனை அடி நடந்தோம்னு காட்டுற வாட்ச் இருக்கா?” என்று கேட்பார்கள். சிலர் வாங்கியதைச் சரிபார்க்க வருவார்கள். அந்த இரண்டாவது ரகத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

போன வருஷம் பூசம் முடிந்த மறுவாரம், பள்ளத்தூர்ப் பக்கத்துச் செட்டியார் ஒருவர் வந்தார். வயது 58. மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வாட்ச். மேஜையில் வைத்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

“தம்பி, பத்து நாள் தாங்கும்னு டப்பாவுல போட்டிருக்கான். நத்தம் தாண்டல, செத்துப்போச்சு.”

சார்ஜ் ஏற்றி, செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். திரை எப்போதும் எரிகிற மாதிரி வைத்திருந்தார். வெளிச்சம் முழுசு. குன்றக்குடியில் காவடி கிளம்பியபோது ஜிபிஎஸ்ஸைப் போட்டவர், ராத்திரி தங்கும் இடம் வரை நிறுத்தவில்லை. அதுவும் இரட்டை அலைவரிசையில். காதில் புளூடூத்தில் முருகன் பாட்டு, பாட்டும் வாட்சிலிருந்தே. திரை முழுக்க ராஜ அலங்காரத்தில் பழனியாண்டவர் படம்.

டப்பாவில் போட்டிருந்தது பொய்யில்லை. அந்தப் பத்து நாள் என்பது மணி பார்த்து, நாலு மெசேஜ் பார்த்து, கையைத் திருப்பினால் மட்டும் திரை எரிகிற கணக்கு. ஜிபிஎஸ் ஓடும்போது எத்தனை மணி நேரம் என்பது வேறு கணக்கு. அது பெரும்பாலும் டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். வாட்ச் வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் காட்டுவது அந்தப் பொடி எழுத்தைத்தான்.

ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த இரண்டு மாடல்களைப் பாருங்கள். கார்மின் ஃபோர்ரன்னர் 255, 2022இல் வந்தது. ஃபோர்ரன்னர் 265, 2023இல் வந்தது. நாள் கணக்கில் முதலாவது 14, இரண்டாவது 13. ஒரு நாள்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஜிபிஎஸ் கணக்கில் முதலாவது 30 மணி நேரம், இரண்டாவது 20. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இரண்டுக்கும் நடுவே மாறிய பெரிய விஷயம் திரை: 255இல் எம்ஐபி, 265இல் அமோலெட்.

அமோலெட் என்பது தேருக்குக் கட்டுகிற சீரியல் லைட் மாதிரி. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிற விளக்கு. கறுப்பாக இருக்கும் இடத்தில் விளக்கு அணைந்திருக்கிறது, அங்கே செலவில்லை. வெள்ளையோ மஞ்சளோ நிறைந்த படம் வைத்தால் எல்லா விளக்கும் எரியும். எம்ஐபி சிலேட்டு மாதிரி. ஒரு தடவை எழுதினால், அழித்து மாற்றி எழுதும் வரை அப்படியே நிற்கும். ஒவ்வொரு புள்ளியிலும் சின்ன நினைவகம் உட்கார்ந்திருப்பதால் எழுதியதைத் தாங்கி நிற்க மிகக் கொஞ்சம் மின்சாரம் போதும். வெளிச்சத்தை அது தானாகத் தருவதில்லை. மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பித்தான் காட்டும். இருட்டில் பின்விளக்குப் போட வேண்டும்.

இதை வார்த்தையில் சொல்லி யாருக்கும் புரியவைத்ததில்லை. அதனால் செட்டியார் அடுத்த தடவை வீட்டுக்குக் கூப்பிட்டபோது இரண்டு ரகத்தையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். பழைய வீடு. முகப்பைத் தாண்டிப் பட்டாலையில் உட்கார்ந்தோம். பகல் பதினொரு மணிக்கும் அங்கே அரை இருட்டு. பாய் மேல் இரண்டையும் வைத்தேன். அமோலெட் நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டி மாதிரி ஜொலித்தது. எம்ஐபி பழைய கால்குலேட்டர் மாதிரி சாம்பல் பூத்துக் கிடந்தது. ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, “இதையா காசு குடுத்து வாங்கச் சொல்றே?” என்றார்.

“வளவுக்கு வாங்க ஆச்சி” என்று இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். வளவின் நடுவே, திறந்த முற்றத்தில் நேர் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அங்கே வைத்ததும் கதை மாறியது. அமோலெட்டின் நிறமெல்லாம் வெளிறிப்போய், அது வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டி வெயிலோடு மல்லுக்கு நின்றது. படிக்க முடியாமல் இல்லை. இப்போது வருகிற அமோலெட் நல்ல வெயிலிலும் படிக்க முடிகிற அளவுக்கு எரிகிறது. அதற்குப் பேட்டரி விலை கொடுக்கிறது, அவ்வளவுதான். எம்ஐபியோ காகிதத்தில் அச்சடித்த மாதிரி தெளிந்து நின்றது. வெயில் ஏற ஏற அதற்குக் கொண்டாட்டம். ஆச்சி மறுபடி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கடைகளில் வாட்ச் பார்க்கிறவர்களுக்கும் இதேதான். கடை விளக்கில் அமோலெட்தான் ஜெயிக்கும். எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து தெருவில் பாருங்கள். கறுப்புக் கண்ணாடி போடுகிறவராக இருந்தால் அதையும் போட்டுக்கொண்டே பாருங்கள். சில கண்ணாடிகளோடு சேர்ந்தால், கையை ஒரு கோணத்தில் திருப்பும்போது திரை கறுத்துப் போய்விடும்.

இதுவரை படித்தவர்கள் நான் எம்ஐபி கட்சி என்று நினைத்திருப்பீர்கள். பாதிதான் சரி. அழகப்பா பல்கலைக்கழகப் பக்கம் காலையில் ஓடுகிற இளைஞர்கள் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எம்ஐபி என்பேன். செட்டியாருக்கு அப்படிச் சொல்லவில்லை. காரணம் வெள்ளெழுத்து, அதாவது வயது ஏறினால் கிட்டத்து எழுத்து கலங்குவது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. வெயிலில் கண்பாவை சுருங்கும். சுருங்கினால் சின்ன ஓட்டை வழியே பார்க்கிற மாதிரி கிட்டத்து எழுத்தும் ஓரளவு தெளிவாகத் தெரியும். இருட்டில் பாவை விரியும், எழுத்து கலங்கும். காவடியோடு நடக்கிறவர்கள் வெயிலுக்குப் பயந்து விடிவதற்கு எத்தனையோ மணி நேரம் முன்பே கிளம்பிவிடுகிறார்கள். உச்சி வெயிலில் ஓய்வு, சாயங்காலம் மறுபடி நடை. நடையில் பெரும்பங்கு இருட்டில். அந்த நேரத்தில் எம்ஐபியின் பின்விளக்கில், மூக்குக் கண்ணாடி இல்லாமல், 58 வயதுக் கண் பொடி எழுத்தைப் படிப்பது சிரமம். கறுப்புத் தரையில் பெரிய வெள்ளை எண் என்றால் அமோலெட்டில் பளிச்சென்று தெரியும். ஆக, வாட்சை மாற்றச் சொல்லவில்லை. வைத்திருக்கும் விதத்தை மாற்றச் சொன்னேன்.

முதல் சிக்கல் பழனியாண்டவர். “படத்தை எடுத்துடலாமா?” என்றேன். “முருகனையே எடுக்கச் சொல்றியா?” என்று முறைத்தார். பேசிப் பேசிக் கடைசியில் கறுப்புப் பின்னணியில் ஒரு வேலும், கீழே பெரிய எழுத்தில் மணியும் என்று ஒத்துக்கொண்டார். திரையில் எரிகிற புள்ளி பத்தில் ஒன்றுகூட இருக்காது. எப்போதும் எரிவதை நிறுத்திக் கை திருப்பினால் எரிகிற மாதிரி வைத்தேன். பாட்டு, சட்டைப் பையில் இருக்கும் போனிலிருந்து வரட்டும்.

அப்புறம் ஜிபிஎஸ். குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது மணி நேரம் என்று ஒரு வாரம் நடந்தால் 60 மணி நேரத்தை ஒட்டி வரும். 20 மணி நேரம் தாங்கும் வாட்ச் என்றால் இரண்டு நாளைக்கு ஒரு தடவை சார்ஜ் ஏற்ற வேண்டும். தங்கும் இடத்தில் ஒரு பிளக் பாயிண்டுக்கு இருபது போன் காத்திருக்கும். அதோடு இந்த வாட்சுகளின் சார்ஜர் வயர் பெரும்பாலும் கம்பெனிக்கு ஒரு தினுசு. பக்கத்தில் நடக்கிறவரிடம் கடன் வாங்க முடியாது. பவர் பேங்கும் சொந்த வயரும் கையோடு இருக்க வேண்டும்.

இரட்டை அலைவரிசை எதற்கு என்று கேட்பார்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் உயர்ந்த கட்டடங்களிலும் பாறைகளிலும் பட்டுத் தெறித்து வந்தால் கணக்கு தப்பும். எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசையையும் கேட்டால் தப்பைக் குறைக்கலாம், பேட்டரி கூடுதலாகச் செலவாகும். சென்னையில் மாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஓடுகிறவருக்கு அது உதவும். கருவேலங்காடும் கண்மாயும் பொட்டலுமாக வானம் திறந்து கிடக்கும் நம் சீமையில் ஒற்றை அலைவரிசையே தாராளம். என்னைக் கேட்டால் பழனி நடைக்கு ஜிபிஎஸ்ஸே வேண்டாம். வழி முன்னே போகிறவர்களுக்குத் தெரியும். அடிக் கணக்கு மட்டும் போதும் என்றால் எந்த வாட்சும் நாள் கணக்கில் ஓடும்.

சோலார் கண்ணாடி வைத்த வாட்சுகளைப் பற்றி ஒரு வார்த்தை. கார்மின் இன்ஸ்டிங்க்ட் 2 சோலாரில் “வரம்பில்லாத பேட்டரி” என்பதற்கு நிபந்தனை, தினமும் 3 மணி நேரம் 50,000 லக்ஸ் வெளிச்சம். நம் ஊர் நேர் வெயில் அதைவிட அதிகம். அது நமக்குப் பிரச்சினையே இல்லை. ஆனால் முழுக்கைச் சட்டைக்குள் வாட்சை வைத்துக்கொண்டு சோலாரைக் குறை சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும்.

வெயில் என்றதும் பேட்டரியின் ஆயுள் ஞாபகம் வருகிறது. லித்தியம் பேட்டரி பற்றிக் காரைக்குடிக்காரர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற ஊர் இது. பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் இடத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறோம். இருந்தும் சித்திரை வெயிலில் காரின் டேஷ்போர்டில் வாட்சை விட்டுவிட்டுப் போகிறார்கள். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் கிழடாகும், சிலது உப்பித் திரையை வெளியே தள்ளும். ஓடி முடித்துச் சூடாக இருக்கும் வாட்சை உடனே சார்ஜில் போடாதீர்கள். மாதக் கணக்கில் பீரோவில் வைப்பதானால் பாதி சார்ஜோடு வையுங்கள்.

என் மேஜைக்கு அதிகம் வருவது அதுகூட இல்லை, பின்பக்கத்துச் சார்ஜிங் பின். வியர்வையோடு அப்படியே சார்ஜில் போட்டால், உப்புத் தண்ணீர் வழியே மின்சாரம் பாய்ந்து ஒரு பின்னை மட்டும் தின்றுவிடும். லென்ஸில் பார்த்தால் மற்றவை தங்க நிறத்தில் இருக்க, அந்த ஒன்று பச்சை பூத்துக் குழி விழுந்திருக்கும். பேட்டரி போச்சு என்று கொண்டுவருகிற வாட்சுகளில் பலவற்றுக்கு நோய் இதுதான். நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, காயவிட்டு அப்புறம் சார்ஜ் போட்டால் வராது.

செட்டியார் இந்த வருஷமும் பூசம் முடிந்து வந்தார். மூன்று தடவை சார்ஜ் ஏற்றினாராம், பழனி வரை நின்றதாம். வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். நாலு பின்னில் ஒன்று லேசாகப் பச்சை கட்டத் தொடங்கியிருந்தது. பட்டையின் மடிப்பில் விபூதி. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷைத் தேடி எடுத்தேன்.