பெர்பர் கிராமமா, அமாசிக மலையூரா?

மொரோக்கோவின் மராக்கேஷ் நகரில் 'பெர்பர் கிராமங்களுக்கு ஒருநாள் பயணம்' என்ற விளம்பரம் கண்ணில் படாமல் இருக்காது. காலையில் வண்டி ஏறினால் ஊரிக்கா பள்ளத்தாக்கு, இல்லாவிட்டால் இம்லில் என்ற மலையூர். அக்ரூட் மரங்கள், மண்ணும் கல்லுமாய்க் கட்டிய தட்டைக்கூரை வீடுகள், புதினாத் தேநீர். இம்லிலுக்கு மேலே 4,167 மீட்டர் உயரத்தில் தூப்கால் சிகரம். பயணம் அருமையானதுதான், வட ஆப்பிரிக்காவின் தொன்மையான மக்களைக் குறிக்கும் 'பெர்பர்' என்ற சொல்தான் உறுத்துகிறது.

தங்கள் மொழி பேசாதவர்களை கிரேக்கர் 'பார்பரோஸ்' என்றார்கள். புரியாத பேச்சு காதில் 'பர்பர்' என்று விழுந்ததால் வந்த பெயர். லத்தீனில் அது 'பார்பருஸ்' ஆனது. பெர்பர் என்பதையும் இந்த வேரிலிருந்தே பெரும்பாலும் வருவிக்கிறார்கள். ஆங்கிலத்தில் காட்டுமிராண்டியைக் குறிக்கும் 'பார்பேரியன்' இதே வேரில் பிறந்ததுதான். ஆக, இது அடுத்தவர் வைத்த பெயர். வருபவர்களுக்குப் புரியட்டும் என்று உள்ளூர் வழிகாட்டிகளே இதைச் சொல்வதும் உண்டு.

அந்த மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் வேறு. ஒருவர் என்றால் 'அமாசிக்', பலர் என்றால் 'இமாசிகன்', மொழி 'தமாசிக்த்'. முன்னும் பின்னும் 'த்' சேர்ந்தால் அவர்கள் மொழியில் பெண்பால். மொழியின் பெயரும் அப்படித்தான் அமைகிறது. 'அமாசிக்' என்றால் 'சுதந்திர மனிதர்' என்று பலரும் பொருள் சொல்வார்கள். அழகான விளக்கம், ஆனால் மொழியறிஞர்கள் எல்லோரும் அதை ஏற்பதில்லை.

தமிழில் எப்படி எழுதலாம்? மக்களை 'அமாசிகர்' என்றும், பேச்சை 'அமாசிக மொழி' என்றும், ஊரை 'அமாசிக மலையூர்' என்றும் எழுதினால் போதும். நம் 'அர்' விகுதி இயல்பாக ஒட்டிக்கொள்கிறது. 'பழங்குடி கிராமம்' என்று மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம். பயணம் புறப்படும் அந்த மராக்கேஷ் நகரத்தையே 11ஆம் நூற்றாண்டில் நிறுவியது அல்மொராவித் என்னும் அமாசிக அரச மரபு. ஏதோ ஒதுங்கிக் கிடக்கும் சிறு கூட்டம்போல அவர்களைக் காட்டுவது பெரிய பிழை. 2011 அரசியல் சட்டத்தில் மொரோக்கோ அவர்கள் மொழியை ஆட்சிமொழியாக ஏற்றது. அதன் எழுத்து 'திஃபினாக்'. பள்ளிகளிலும் சாலைப் பலகைகளிலும் பார்க்கலாம்.

அப்புறம் இன்னொன்று. மராக்கேஷுக்குத் தெற்கே உள்ள மலைகளில் பேசுவது இம்மொழியின் 'தஷெல்ஹித்' என்ற கிளை. வழியில் 'ஆயித்' என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் நிறைய வரும். 'இன்னாருடைய மக்கள்' என்று பொருள்.